வால்மீன் எதனால் ஆனது? ஒரு வினாவின் வரலாறு

அரபுக் கவிதை பயிலும் மாணவர் எவரும் அபூ தம்மாமின் அம்மூரிய்யாக் கஸீதாவைக் கடந்து செல்லாமல் இருப்பதில்லை. ஹிஜ்ரி 223ஆம் ஆண்டில் (கி.பி. 838) அப்பாஸியக் கலீஃபா முஃதஸிம் பில்லாஹ் பைஸாந்தியரின் அம்மூரிய்யா நகரை வென்ற செய்தியைப் பாடுவது அது. சோதிடர்கள்மீது கவிஞர் சொரியும் எள்ளல் அதில் மிகவும் புகழ்பெற்ற பகுதி. மேற்றிசையில் வாலுடன் ஒரு விண்மீன் தோன்றியபோது, பெருங்கேடு சூழப்போகிறது என்று மக்களை அச்சுறுத்தியவர்களின் சொல் பொய்த்துப்போனதை அவர் சுட்டிக் காட்டுகிறார். அந்த விண்மீன், கி.பி. 837இல் தோன்றிய ஹேலி வால்மீனே எனக் கருதப்படுகிறது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் அது பூமியிலிருந்து ஏறத்தாழ 50 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது. நாம் அறிந்த வரலாற்றில் ஹேலி வால்மீன் பூமியை மிக நெருங்கி வந்தது அப்போதுதான்.

சோதிடரும் கவிஞரும் வழக்காடியது 'இது எதைக் குறிக்கிறது?' என்னும் வினாவைப் பற்றி. 'இது எதனால் ஆனது?' என்னும் மற்றொரு வினாவும் அதே காலத்து பக்தாதில் ஆராயப்பட்டு வந்தது. முதல் வினா காலப்போக்கில் மங்கிற்று. இரண்டாம் வினா இன்றும் முடிவுறாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. இக்கட்டுரையில் நாம் காண முயல்வது அந்த இரண்டாம் வினாவின் வரலாற்றையே.

புகை என்னும் விடை

வால்மீனின் பொருளைப் பற்றி முறையாக விடை கூறியவர்களுள் அரிஸ்டாட்டில் முதன்மையானவர். வெயிலின் வெப்பத்தால் பூமியிலிருந்து இருவகை ஆவிகள் எழுகின்றன. ஒன்று ஈரமானது, மற்றொன்று உலர்ந்தது. உலர்ந்த ஆவி வானத்தின் மேற்பகுதியை அடைந்து தீப்பற்றி மெல்ல எரியும்போது அதையே நாம் வால்மீனாகக் காண்கிறோம் என்பது அவர் கொள்கை. அவருடைய வானிலை நூல் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் யஹ்யா இப்னுல் பித்ரீக்கால் 'அல்ஆஸாருல் உல்விய்யா' என்னும் பெயரில் அரபுக்கு வந்தது. ஈர ஆவி 'புகார்' என்றும், உலர்ந்த ஆவி 'துகான்', அதாவது புகை, என்றும் அரபு மெய்யியல் வழக்கில் நிலைபெற்றன. இப்னு சீனா தமது 'கிதாபுஷ் ஷிஃபா'வில் வால்மீன்களை இந்தப் புகையின் விளைவாகவே விளக்கினார்.

வேறு மரபுகளிலும் புகையின் சாயல் இருந்தது. வடமொழியின் 'தூமகேது' என்னும் சொல்லுக்குப் புகையைக் கொடியாக உடையது என்பது பொருள். சிலப்பதிகாரத்தில் வரும் 'புகைக்கொடி' என்னும் தமிழ்ச் சொல்லும் அதையே உணர்த்துகிறது. கண்ணுக்குப் புகைபோலத் தெரிவதைப் புகை என்று கொள்வது இயல்பு. ஆனால் பெயரிடுவது வேறு, அதைக் காரண காரியத் தொடர்பில் வைத்து விளக்குவது வேறு. எந்தப் பொருள், எங்கிருந்து, எந்த வெப்பத்தால், எவ்வழியாக என்று நான்கையும் சேர்த்துச் சொன்னதால்தான் அரிஸ்டாட்டிலின் விடை பிற்காலத்தில் சோதிக்கத் தக்கதாயிற்று. இன்றைய அறிவியலார் 'மாதிரி' என்று அழைப்பதன் மிகப் பழைய வடிவம் என்று அதைக் கருதலாம்.

அந்த மாதிரி எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு நஸீருத்தீன் தூஸி சான்று. கி.பி. 1261இல் அவர் எழுதிய 'அத்தத்கிரா'வில் பூமி சுழலக்கூடுமா என்னும் வாதம் இடம்பெறுகிறது. பூமி சுழன்றால் அதைச் சூழ்ந்த காற்றும் உடன் சுழலக்கூடும் என்பதற்கு அவர் வால்மீன்களை உவமையாகக் காட்டுகிறார். மேலுலகத்தின் சுழற்சியோடு அதன் கீழுள்ள நெருப்பு மண்டலமும் சேர்ந்து சுழல்கிறது. அதில் எரியும் வால்மீன்களின் அசைவே அதற்குச் சான்று என்பது அவர் கருத்து. வேறொரு சிக்கலைத் தீர்க்கத் துணைச்சான்றாக எடுத்தாளும் அளவுக்குப் புகைக் கொள்கை ஐயமற்றதாக இருந்தது.

தொலைவு மாற்றிய விடை

அக்கொள்கையைக் குலைத்தது வேதியியல் ஆய்வன்று. தொலைவை அளந்த கணக்கு. கி.பி. 1577 நவம்பரில், ஹிஜ்ரி 985 ரமலான் மாதத்தில், பேரொளி வீசும் ஒரு வால்மீன் தோன்றியது. டென்மார்க்கின் ஹ்வேன் தீவில் டைக்கோ பிராகி அதை இரவுதோறும் அளந்தார். பூமிக்கு அண்மையில் உள்ள பொருள், இடம் மாற்றிப் பார்க்கையில் பின்னணி விண்மீன்களுக்கு எதிரே சற்று விலகித் தெரியும். நிலவுக்கு அந்த விலகல் உண்டு. இந்த வால்மீனுக்கோ நிலவைவிட மிகக் குறைவாகவே இருந்தது. எனவே அது நிலவுக்கு அப்பால் உள்ளது என்று அவர் முடிவு செய்தார். பூமியிலிருந்து எழும் புகை அவ்வளவு உயரம் எட்டும் என்று அரிஸ்டாட்டிலைப் பின்பற்றியவர்களாலும் வாதாட இயலவில்லை.

அதே வால்மீனை இஸ்தான்புல்லில் தகிய்யுத்தீன் கண்டார். சுல்தான் மூன்றாம் முராதின் ஆதரவில் அங்கே அப்போதுதான் ஒரு வானாய்வுக்கூடம் எழுந்திருந்தது. அதன் கருவிகள் டைக்கோவின் கருவிகளுக்குச் சற்றும் இளைத்தவையல்ல என்பதை வரலாற்றறிஞர் அய்தின் ஸாயிலி விரிவாகக் காட்டியுள்ளார். ஆயினும் அரசவை தகிய்யுத்தீனிடம் எதிர்பார்த்தது முதல் வினாவுக்கான விடையையே. பாரசீகத்தின்மீது உஸ்மானியர்க்கு வெற்றி கிட்டும் என்று அவரும் குறி சொன்னார். பின்னர் நோயும் மரணங்களும் நேர்ந்தன. அரசவைப் பகைமைகளும் கூடின. 1580இல் சுல்தானின் ஆணைப்படி வானாய்வுக்கூடம் இடிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை மார்க்கத்துக்கும் அறிவியலுக்கும் நடந்த போராட்டமாக மட்டும் காட்டுவோர் உண்டு. அது அவ்வளவு எளிதன்று. ஒன்றை மட்டும் நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும். அளப்பதற்காகக் கட்டப்பட்ட ஓர் இடம் குறி சொல்லும் இடமாகவும் ஆனபோது, குறி தவறியதும் அளவைக்கும் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று. கருவியும் கல்வியும் இருந்தும், இரண்டாம் வினாவைத் தொடர நமக்கு அங்கே வாய்ப்பு அற்றுப்போனது.

ஒளியில் எழுதியிருந்த செய்தி

நியூட்டன் 1687இல் வால்மீன்களின் பாதையைக் கணக்கிட்டார்; ஹேலி 1705இல் ஒரு வால்மீனின் மறுவருகையை முன்னறிவித்தார். அசைவு புரிந்தது, பொருள் புரியவில்லை. அதற்கு நிறமாலை ஆய்வு வரவேண்டியிருந்தது. 1864இல் இத்தாலியின் ஜோவன்னி டோனாட்டி முதன்முறையாக ஒரு வால்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அதில் மூன்று ஒளிப்பட்டைகளைக் கண்டார். 1868இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹக்கின்ஸ், எத்திலீன் வாயுவில் மின்பொறி பாய்ச்சி எழும் ஒளியோடு வேறொரு வால்மீனின் ஒளியை ஒப்பிட்டார். பட்டைகள் பொருந்தின. வால்மீனில் கார்பன் இருப்பது தெளிவாயிற்று. 1881இல் அவர் எடுத்த ஒளிப்படத்தில் கார்பனும் நைட்ரஜனும் இணைந்த சயனோஜனின் பட்டைகளும் தென்பட்டன.

இங்கே வரலாறு ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. 1910இல் ஹேலி வால்மீன் மீண்டும் வந்தபோது, மே 18, 19 தேதிகளில் பூமி அதன் வாலினூடே செல்லக்கூடும் என்று கணக்கிடப்பட்டது. வால்மீனில் சயனோஜன் என்னும் நச்சு வாயு இருப்பதும் செய்தித்தாள்களில் பரவியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் கதவிடுக்குகளை அடைத்தனர். 'வால்மீன் மாத்திரைகள்' விலைபோயின. வாலில் உள்ள வாயு, அன்றைய ஆய்வகங்களில் உண்டாக்க முடிந்த வெற்றிடத்தைவிட மெல்லியது என்று வானியலார் எடுத்துச் சொன்னது பலர் காதில் ஏறவில்லை. அபூ தம்மாம் காலத்து அச்சம் அறியாமையிலிருந்து பிறந்தது. 1910ஆம் ஆண்டின் அச்சமோ அரைகுறை அறிவிலிருந்து பிறந்தது. பொருளின் பெயர் தெரிந்திருந்தது. அதன் அளவு தெரிந்திருக்கவில்லை. அளவை அறியாமல் பெயரை மட்டும் அறிவது சில வேளை அறியாமையைவிடத் தொல்லை தருவதாகும்.

தாயும் சேயும்

நிறமாலையில் தெரிந்தவை விசித்திரமான பொருள்களாக இருந்தன. இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த துண்டு, கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த துண்டு, ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு என எல்லாமே அரைகுறை மூலக்கூறுகள். பூமியில் இவற்றைப் புட்டியில் அடைத்து வைக்க இயலாது. கிடைத்ததோடு உடனே சேர்ந்துவிடும். அப்படியாயின் பல்லாயிரம் ஆண்டுகள் குளிர்ந்த வெளியில் கிடந்த வால்மீனில் இவை எவ்வாறு தங்கியிருக்கும்? 1930களில் ஜெர்மன் வானியலார் கார்ல் வுர்ம் இதற்கு வழி கண்டார். நாம் காண்பவை மூலப்பொருள்கள் அல்ல. நிலையான 'தாய்' மூலக்கூறுகள் வால்மீனிலிருந்து வெளிப்பட்டு, கதிரவனின் புறஊதாக் கதிரால் உடைந்து உண்டான 'சேய்'களே அவை என்றார். தாய் மூலக்கூறுகள் கண்ணுக்குப் புலனாகும் ஒளியைத் தருவதில்லை. அதனால் சேய்கள் மட்டும் தெரிந்தன.

1950இல் அமெரிக்க வானியலார் ஃபிரெட் விப்பிள் அந்தத் தாய் எங்கே இருக்கிறது என்று காட்டினார். அதுவரை வால்மீனின் நடுப்பகுதி, சேர்ந்து பறக்கும் மணற்குவியல் என்றே பலர் எண்ணினர். ஏறத்தாழ 3.3 ஆண்டுகளுக்கொரு முறை வரும் எங்கே என்னும் பெயருடைய வால்மீன், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டரை மணி நேரம் போல முந்தி வந்துகொண்டிருந்தது. மணற்குவியல் இதை விளக்கவில்லை. தூசும் பனிக்கட்டியும் கலந்த ஒற்றைத் திரள் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, கதிரவனின் வெப்பத்தால் ஒரு பக்கமாக ஆவியைப் பீய்ச்சுமானால், அந்த ஆவியின் உதைப்பே அதன் பாதையை மாற்றும் என்றார் விப்பிள். புகை என்று தொடங்கிய வரலாறு பனிக்கட்டியில் வந்து நின்றது.

ஆயினும் சேயைக் கண்டு தாயை அறிவது எப்படி? ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. நம் கைக்கு வந்து சேரும் செய்தி, கடைசி அறிவிப்பாளரின் சொல். அவர் யாரிடம் கேட்டார், அவர் இன்னாரைச் சந்திக்கக் கூடிய காலத்தில் வாழ்ந்தாரா, இடையில் தொடர் அறுந்துள்ளதா என்று பின்னோக்கிச் சென்றே மூலத்தை அடைகிறோம். வால்மீன் வேதியியலும் ஒவ்வொரு சேய்க்கும் இவ்வாறே ஓர் இஸ்னாதைத் தேடுகிறது. அங்கே சந்திப்பின் காலத்தை ஆராய்வது போல இங்கே சிதைவின் காலத்தை ஆராய்கின்றனர்.

அதற்கான முதல் எளிய கணக்கை 1957இல் பெல்ஜியத்தில் லியோ ஹாஸர் அமைத்தார். தாய் மூலக்கூறுகள் உட்கருவிலிருந்து எல்லாத் திசையிலும் சமமாக விரைகின்றன. வெளியே செல்லச் செல்ல ஒளியால் உடைந்து குறைகின்றன. சேய்கள் பிறக்கின்றன, பின்னர் அவையும் உடைகின்றன. தாய் எவ்வளவு தொலைவு தாக்குப்பிடிக்கும், சேய் எவ்வளவு தொலைவு தாக்குப்பிடிக்கும் என்னும் இரு நீளங்களே இக்கணக்கின் உயிர். எடுத்துக்காட்டாக, பூமி இருக்கும் தொலைவில் கதிரவன் ஒளிபடும் நீர் மூலக்கூறு, உடையாமல் தாங்குவது ஏறத்தாழ ஒரு நாள். நொடிக்கு ஒரு கிலோமீட்டர் விரைவில் செல்லும் அது, பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்தபின் ஹைட்ரஜனாகவும் ஹைட்ராக்ஸிலாகவும் பிரிகிறது. சேய் எங்கே மிகுந்து எங்கே அருகுகிறது என்று படத்தில் அளந்தால், தாயின் ஆயுளைக் கணிக்கலாம். ஆயுளைக் கொண்டு தாய் இன்னதெனக் கூறலாம். 1970இல் விண்வெளித் தொலைநோக்கிகள் வால்மீன்களைச் சூழ்ந்து கதிரவனைவிடப் பெரிய ஹைட்ரஜன் மேகம் இருப்பதைக் கண்டபோது, நீரே முதன்மையான தாய் என்னும் கருத்து வலுப்பெற்றது. 1985 டிசம்பரில் விமானத்தில் ஏற்றிய தொலைநோக்கியின் வழியாக, ஹேலி வால்மீனின் நீராவியே அகச்சிவப்பு ஒளியில் நேரடியாகக் காணப்பட்டது.

கணக்குப் பொய்த்த இடம்

மூலக்கூறுகள் உடைவது மட்டுமன்று, உட்கருவின் அருகே அடர்த்தி மிகுந்த பகுதியில் ஒன்றோடொன்று மோதி வினையும் புரிகின்றன. இதை முழுமையாகக் கணக்கிட 1970களில் கணிப்பொறி துணைக்கு வந்தது. 1975இல் மைக்கேல் ஓப்பன்ஹைமரும், 1978இல் கிகேரும் ஹியூப்னரும் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வகையில் முன்னோடிகள்.

மாதிரி அமைக்கும் முறை இது. உட்கருவின் பனியில் இன்னின்ன பொருள் இவ்வளவு என்று முதலில் ஓர் எடுகோள் வைக்கப்படுகிறது. கதிரவனின் வெப்பத்தால் நொடிக்கு எவ்வளவு ஆவியாகும் என்று கணக்கிடப்படுகிறது. அந்த ஆவி விரியும்போது அதன் அடர்த்தியும் வெப்பநிலையும் எவ்வாறு மாறும் என்பது அடுத்தது. பிறகு நிகழக்கூடிய நூற்றுக்கணக்கான வினைகள், ஒவ்வொன்றின் விரைவோடும் பட்டியலிடப்படுகின்றன. அனைத்தையும் ஒருங்கே தீர்த்தால், எந்தத் தொலைவில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது கிடைக்கிறது. அதைக் காட்சியோடு ஒப்பிட்டு எடுகோளைத் திருத்துகின்றனர். இம்முறை சிறந்த வெற்றிகளையும் கண்டது. மின்னூட்டம் பெற்ற நீர் மூலக்கூறு மற்றொரு நீர் மூலக்கூறோடு மோதி ஹைட்ரோனியம் என்னும் அயனியை உண்டாக்கும். உட்பகுதியில் அது மிகுந்திருக்கும் என்று கணக்கு கூறியது. 1986 மார்ச்சில் ஐரோப்பாவின் ஜொட்டோ விண்கலம் ஹேலியின் உட்கருவிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது, அந்த அயனியை அங்கே கண்டது.

எனினும் மாதிரியின் தோல்விதான் அதைவிடப் பயனுள்ளதாக அமைந்தது. ஹைட்ரஜன் சயனைடில் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன் என்னும் மூன்று அணுக்கள் அவ்வரிசையில் அமைந்துள்ளன. கார்பனும் நைட்ரஜனும் இடம் மாறி அமைந்தால் அது ஹைட்ரஜன் ஐசோசயனைடு. விண்மீன்களுக்கிடையே உள்ள குளிர்ந்த மேகங்களில் இரண்டும் உண்டு. 1996இல் ஹியாகுடாகே வால்மீனில் இந்த இரண்டாம் வடிவம் காணப்பட்டதும், பழைய மேகத்தின் பனியே மாறாமல் இங்கு வந்துள்ளது என்று ஆய்வாளர் மகிழ்ந்தனர். அடுத்த ஆண்டு ஹேல்-பாப் வந்தது. கதிரவனை அது நெருங்க நெருங்க, இரண்டாம் வடிவத்தின் விகிதம் ஏறிக்கொண்டே போயிற்று. பனியில் பூட்டிக் கிடந்த பழம்பொருளாக இருந்தால் விகிதம் மாறக் காரணமில்லை. ஆகவே அது ஆவியில் நிகழும் வினைகளால் பிறக்கிறது எனக் கருதினர். ரோட்ஜர்ஸ், சார்ன்லி ஆகிய இருவர் அமைத்த மாதிரி, அடர்த்தி மிகுந்த ஹேல்-பாப்பில் அது ஓரளவு இயலும் என்றும், சிறிய வால்மீன்களில் இயலாது என்றும் காட்டியது. அங்கும் அப்பொருள் காணப்பட்டதால், வேறொரு தாய் இருந்தாக வேண்டும். தூசுத் துகள்களில் ஒட்டியுள்ள கரிமச் சேர்மங்கள் வெப்பத்தில் சிதைந்து இதைத் தருகின்றன என்னும் கருத்து அவ்வாறே எழுந்தது. கணக்குப் பொருந்தாத இடமே அறியாத மூலத்துக்கு வழி காட்டிற்று.

இவ்வழி சரியானதே என்பதை ரோசெட்டா விண்கலம் உணர்த்தியது. 2014 ஆகஸ்டு முதல் 2016 செப்டம்பர் வரை 67P எனக் குறிக்கப்படும் சூரியூமொவ்-கெரசிமென்கோ வால்மீனோடு அது உடன் சென்றது. ஹேலியிலேயே நைட்ரஜன் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது ஒரு புதிராக நீடித்தது. ரோசெட்டாவின் அளவைகளைக் கொண்டு 2020இல் வெளிவந்த ஆய்வுகள், நைட்ரஜனின் ஒரு பகுதி தூசில் அம்மோனிய உப்புகளாக மறைந்திருப்பதைக் காட்டின. அமினோ அமிலமான கிளைசினும் பாஸ்பரசும் அந்த வால்மீனின் ஆவியில் இருப்பது 2016இல் அறிவிக்கப்பட்டது. யாரும் எதிர்பாராத வகையில், நீரோடு ஒப்பிட ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு ஆக்ஸிஜன் வாயுவும் இருந்தது. மாதிரிகளில் அதற்கு இடமே இருந்திருக்கவில்லை.

கடல்நீரின் மூலம்

இவ்வளவு நுணுக்கமான ஆய்வு எதற்காக என்று கேட்கலாம். நாம் அருந்தும் நீர் எங்கிருந்து வந்தது என்னும் வினா இதில் அடங்கியுள்ளது. ஹைட்ரஜனின் கனமான வகை டியூட்ரியம். பூமியின் கடல்நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று என்னும் அளவில் அது இருக்கிறது. ஹேலியிலும் ஹேல்-பாப்பிலும் அதுபோல இருமடங்கு காணப்பட்டது. எனவே கடலுக்கு நீர் தந்தவை வால்மீன்கள் அல்ல என்று கருதினர். 2011இல் ஹார்ட்லி 2 என்னும் வால்மீனில் கடல்நீரை ஒத்த விகிதம் கிடைத்தது, கருத்து மாறிற்று. 67P வால்மீனில் மும்மடங்கு என ரோசெட்டாவின் முதல் அளவை கூறியது, மீண்டும் மாறிற்று. 2024இல் அதே அளவைகள் முழுமையாக மறு ஆய்வு செய்யப்பட்டன. விண்கலத்தின் அருகே பறந்த தூசில் ஒட்டியிருந்த பனி விகிதத்தை மிகைப்படுத்தியதாகவும், தூசின் தாக்கம் குறைந்த தொலைவில் கிடைத்த மதிப்பு கடல்நீருக்கு அண்மையில் இருப்பதாகவும் அந்த ஆய்வு காட்டியது.

இத்தனை மாற்றங்களைக் கண்டு அறிவியலை நம்ப இயலாது என்று சொல்பவர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒவ்வொரு முறையும் மாறியது ஏன் என்பதற்குக் காரணம் காட்டப்பட்டுள்ளது. முந்தைய அளவை எங்கே பிசகிற்று என்று சுட்டப்பட்டுள்ளது. ஓர் அறிவிப்பு பலவீனமானது என்று காட்டுவது ஹதீஸ் கலையின் தோல்வி ஆவதில்லை. அக்கலை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இஸ்தான்புல்லில் 1580இல் நாம் இழந்ததும் இந்த வாய்ப்பையே. தவறிய கணிப்பைத் திருத்திக்கொள்ளும் இடம் அங்கே விட்டுவைக்கப்படவில்லை.

2025 ஜூலையில் கண்டறியப்பட்ட 3I/அட்லஸ், நமது சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த வால்மீன். அதில் நீராவியைவிடக் கார்பன் டை ஆக்ஸைடு பல மடங்கு மிகுந்திருந்தது. நம் வால்மீன்களைக் கொண்டு அமைத்த மாதிரிகள் வேறொரு கதிரவனின் குழந்தைக்கு எவ்வளவு பொருந்தும் என்பது இனி ஆராயப்பட வேண்டிய வினா.

ஹேலி வால்மீன் 2023 டிசம்பரில் தன் பாதையின் மிகத் தொலைவான புள்ளியைக் கடந்து, இப்போது கதிரவனை நோக்கித் திரும்பியிருக்கிறது. 2061இல் அது மீண்டும் தெரியும். அபூ தம்மாம் காலத்து மக்கள் அண்ணாந்து பார்த்த அதே பனித்திரளை அன்று நம் பேரப்பிள்ளைகள் காண்பார்கள். அதன் ஒளியில் தெரிவது சேயா, தாயா என்று வினவும் பயிற்சியை அவர்களுக்கு இப்போதே அளிப்பது நம் கல்விக்கூடங்களின் பொறுப்பு.